பீடோங்ல 100 வெள்ளிக்குள்ள (ரிங்கிட்) வெயில் அடுப்பு, அம்மாவோட வெறகு அடுப்ப நிறுத்த முடியுமா?

பீடோங்_பையன்:
வணக்கம் எல்லாருக்கும். இவ்ளோ நாளா படிச்சிட்டு மட்டும் போயிருவேன், இதான் மொத தடவ சொந்தமா ஒன்னு போடுறேன், நீளமா போச்சுன்னா மன்னிச்சிருங்க.

மலேசியா கெடாவுல பீடோங் பக்கம் எங்க தோட்டம், முன்ன பால்மரம் (ரப்பர்), இப்ப முழுக்க செம்பனை (எண்ணெய்ப்பனை). லயத்த (தோட்டத்து வரிசை வீடுங்க) இடிச்சிட்டு எங்களயெல்லாம் டவுன் ஓரத்துல சின்ன தரை வீட்டுக்கு மாத்தி பல வருஷம் ஆச்சு. வீட்ல கேஸ் இருக்கு. ஆனா அம்மா இன்னும் பின்னால மூனு கல்லு வெச்சு வெறகு எரிக்கிறாங்க. குளிக்கிற சுடுதண்ணி, கடல, பயறு, பெரிய பானை சோறு எல்லாம் அங்கதான். கேட்டா "கேஸ்ல பருப்பு வேகுற வரைக்கும் காசு எரியிற மாதிரியே இருக்குடா"ங்கிறாங்க. பால்மரம் இருந்த காலத்துல வெறகுக்கு பஞ்சமே இல்ல, இப்ப செம்பனை மட்டய போட்டு எரிச்சா ஒரே பொகை. இருமல் நிக்க மாட்டேங்குது, கண்ணு எப்பவும் செவப்பு.

அதான் வெயில்ல சமைக்கிற பொட்டி ஒன்னு செய்யலாம்னு எறங்கினேன். நான் கூலிம்ல ஃபேக்டரியில டெக்னீஷியன், சனி ஞாயிறுதான் நேரம். மொதல்ல பாசார்ல (சந்தையில) மீன்காரர்ட்ட வெள்ள போலிஸ்டைரின் பொட்டி சும்மா வாங்கி, உள்ள அலுமினிய ஃபாயில் ஒட்டி, மேல கண்ணாடி போட்டேன். ஒரு மணி நேரத்துல நல்லா சூடாச்சு, எனக்கு ஒரே சந்தோஷம். கொஞ்ச நேரம் கழிச்சு பாத்தா பொட்டியோட உள்பக்கம் அப்படியே சுருங்கி குழி விழுந்துருக்கு, நாத்தம் வேற. மீன் நாத்தமா பிளாஸ்டிக் நாத்தமான்னு பிரிக்கவே முடியல. பானையோட தூக்கி போட்டேன்.

ரெண்டாவது பொட்டி பலகையில. வெளிப்பொட்டி ஒன்னு உள்பொட்டி ஒன்னு, நடுவுல நாலு விரக்கட கேப், அதுல நெல் உமி. நம்ம கெடாவுல உமிக்கா பஞ்சம், மில்லுல கேட்டா சாக்கு சாக்கா அள்ளிக்க சொல்றாங்க. கண்ணாடிக்கு பழைய வீட்ட இடிச்ச எடத்துல கெடந்த நாக்கோ கண்ணாடி (சன்னல்ல பட்டை பட்டையா வர்றது) நாலு, பக்கத்துல பக்கத்துல வெச்சு சிலிக்கோன் போட்டு ஒட்டினேன். வாய் அளவு 60க்கு 50 சென்டிமீட்டர். மூடிக்கு உள்பக்கம் ஃபாயில், அதான் வெயில திருப்பி உள்ள அடிக்கிற ரிஃப்ளெக்டர். பலகை ஓசி, மத்ததெல்லாம் சேத்து 47 வெள்ளி.

காலி பொட்டிக்குள்ள 112 டிகிரி வந்துச்சு. ரெண்டு கப் அரிசி 10:45க்கு வெச்சேன், 12:40க்கு வெந்துருச்சு, அடியும் பிடிக்கல. அடுத்த நாள் அதே மாதிரி வெச்சேன், 11:30க்கு ஜெராய் மலைப்பக்கம் இருந்து மேகம் வந்து உக்காந்துச்சு, ரெண்டு மணிக்கு தொறந்து பாத்தா அரிசி ஊறி பாதி வெந்து கஞ்சியுமில்ல சோறுமில்லாம கெடக்கு. அம்மா ஒன்னும் பேசல, எடுத்து கோழிக்கு போட்டுட்டாங்க. "வெயில்ல வடகம் காயும்டா, சோறு எப்டிடா வேகும்"னு முன்னயே சொன்னவங்க, அதனால அந்த மௌனம் இருக்கே, அது பேச்ச விட மோசம்.

இத எப்டி தேத்துறது? செஞ்சு பாத்தவங்க சொல்லுங்க.

ரெண்டாம்_லயம்:
உங்க பக்கம் கொரங்கு இல்லையா தம்பி? எங்க வீட்ல கேஸ் அடுப்புல இருக்கிற சட்டியவே சன்னல் வழியா கை விட்டு எடுக்குது. நீ வெளிய கண்ணாடி போட்டு காட்சிக்கு வெச்சா அதுங்க குடும்பத்தோட வந்து வரிசையில நிக்கும்லா.

பீடோங்_பையன்:
கொரங்கு இன்னும் வரல அண்ணே. கோழி வந்து கண்ணாடி மேல ஏறி நின்னுச்சு, கால் சுட்டு எறங்கி ஓடிருச்சு.

பழைய_ஃபிட்டர்:
தம்பி, நல்ல வேல செஞ்சிருக்கீங்க, மனசு தளராதீங்க. தோட்டத்து ஆலையில பாய்லர் பக்கம் ரொம்ப வருஷம் கெடந்தவன் நான், சூட்ட பத்தி கொஞ்சம் தெரியும்.

மொத விஷயம் உங்க நேரம். நம்ம ஊர்ல சூரியன் உச்சிக்கு வர்றது 12 மணிக்கு இல்ல, ஒன்னே கால் தாண்டி. ஏன்னா 1982 பொறந்தப்ப தீபகற்பத்துல கடிகாரத்த அரை மணி முன்ன தள்ளி கெழக்கு மலேசியா நேரத்தோட சேத்துட்டாங்க, நம்ம இருக்கிறதோ மேக்கு ஓரம், தீர்க்கரேகை 100 பாகை சொச்சம். கடிகாரம் 12ன்னு சொல்றப்ப சூரியனுக்கு பதினொன்னுகூட ஆகல. அதனால நல்ல வெயில்ங்கிறது 11ல இருந்து 3 வரைக்கும். அதுலயும் மூனு மணிக்கு மேல இடி மழை கட்டுற மாசமெல்லாம் இருக்கு. பெரட்டுக்கு (தோட்டத்துல ஆள் கணக்கெடுக்கிறதுக்கு) விடியக்காத்தால போறவங்க ரெண்டு மணிக்கு வீடு திரும்பி சாப்பிடுறதுக்கு இது சரி. ஸ்கூல் விட்டு ஒரு மணிக்கு வர்ற புள்ளைக்கு சரிப்படாது.

ரெண்டாவது, கண்ணாடி. நாக்கோ நாலு துண்டுன்னா மூனு இணைப்பு, ஒவ்வொன்னும் சூடு ஒழுகுற வாய். ஒரே தகடா 4 மில்லிமீட்டர் கண்ணாடி வெட்டி வாங்குங்க, முடிஞ்சா ரெண்டு அடுக்கு, நடுவுல ஒரு ரெண்டு சென்டிமீட்டர் காத்து. இது புதுசு இல்ல தம்பி, 1767லயே சுவிட்சர்லாந்து விஞ்ஞானி சோசூர் கண்ணாடி பொட்டிக்குள்ள பொட்டி வெச்சு பழம் வேக வெச்சுருக்காரு. அப்பறம் மரப்பொட்டி, உள்ள கருப்பு தக்கை, மேல மூனு அடுக்கு கண்ணாடின்னு மாத்தி 109 டிகிரி வரைக்கும் கொண்டாந்தாரு. மலை உச்சிக்கு தூக்கிட்டு போயும் பாத்தாரு, அங்க குளிரு, ஆனா உள்ள சூடு ஏறக்கொறைய அதேதான். வெளிய எவ்ளோ சூடுங்கிறது பெரிய விஷயம் இல்ல, உள்ள வந்த சூடு வெளிய போகாம இருக்கான்னுதான் பாக்கணும்.

மூனாவது பானை. எந்த பெயிண்டும் அடிக்காதீங்க. அம்மா வெறகு அடுப்புல வெச்ச பானையோட கரி இருக்குதானே, அத வெளிப்பக்கம் கழுவாம அப்படியே வைங்க. அத விட நல்ல கருப்பு கடையில கெடைக்காது.

பீடோங்_பையன்:
அங்கிள் அந்த கரி விஷயம் எனக்கு தோனவே இல்ல! நான் பளபளன்னு தேச்சு வெச்ச அலுமினிய சட்டியில போட்டேன். அம்மாட்ட சொன்னதும் "நான் தேக்காம விட்டா சோம்பேறின்னுவ, இப்ப அதான் விஞ்ஞானமா"ங்கிறாங்க.

நெல்லைக்காரன்:
நான் திருநெல்வேலி பக்கம், இப்ப வேலைக்கு பினாங்குல இருக்கேன். எங்க வீட்ல சின்ன வயசுல சூட்கேஸ் மாதிரி ஒரு சோலார் குக்கர் இருந்துச்சு. எம்பதுகள்ல சர்க்கார் மானியத்துல ஊர் ஊரா குடுத்தாங்க, உள்ள நாலு கருப்பு டப்பா, மூடியில கண்ணாடி. எங்கம்மா அதுல பருப்பும் சோறும் வெச்சதுண்டு, ஆனா மொட்ட மாடி வெயில்ல ஏறி ஏறி மணிக்கு ஒருக்கா திருப்பி வைக்கணும், தாளிக்க முடியாது, தோசை ஊத்த முடியாது. கடைசியில அதுல வத்தல் மொளகா போட்டு வச்சாங்க. எங்க தெருவுல இருந்த எல்லா பொட்டிக்கும் அதே கதிதான். பொருள் நல்ல பொருள் அண்ணாச்சி, குத்தமே சொல்ல முடியாது. சமைக்கிற ஆள கேக்காம செஞ்சுட்டாங்க.

பெருசா செய்யறப்ப கதை வேற. ஆரோவில்ல சோலார் கிச்சன் மேல 15 மீட்டர் அகலத்துல கிண்ணம் மாதிரி ஒன்னு இருக்கு, வெயில குவிச்சு நீராவி எடுத்து நூத்துக்கணக்கான பேருக்கு சமைக்க கட்டுனது, நேர்ல பாத்துருக்கேன். மேகம் போட்டா ஓட்ட பக்கத்துலயே சாதா பாய்லரும் உண்டு. திருமலையில 2002ல 106 தட்டு வெச்சு நீராவி எடுத்து அன்னதானத்துக்கு குடுத்தாங்க. அங்கெல்லாம் சமைக்கிறவங்க வெயில்ல நிக்க வேண்டியதில்ல, நீராவி கொழாயில உள்ள வருது. பராமரிக்க ஆள் இருக்கு. வீட்டுக்கு அது ஒத்து வராது.

கணக்குவாத்தி:
யாரும் கோவிச்சுக்க வேணாம், நான் கணக்கு மட்டும் போடுறேன்.

பொட்டி வாய் 0.3 சதுர மீட்டர். ரிஃப்ளெக்டரோட சேத்து 0.45ன்னு தாராளமா வெச்சுக்கலாம். நல்ல வெயில் சதுர மீட்டருக்கு 800 வாட், ஆக 360 வாட் வருது. அதுல பானைக்குள்ள போறது மூனுல ஒரு பங்குகூட இல்ல, சரி 110 வாட். நாலு மணி நேரம் முழு வெயில் அடிச்சா 1.6 மெகாஜூல்.

கேஸ் ஒரு கிலோவுக்கு 46 மெகாஜூல், அடுப்புல பாதிக்கு கொஞ்சம் மேலதான் பானைக்கு போகுது, 25ன்னு வைங்க. 1.6ங்கிறது 64 கிராம் கேஸ். நம்ம நாட்டுல வீட்டு கேஸ் மானிய வெல கிலோ 1 வெள்ளி 90 காசு, 14 கிலோ தோங் (சிலிண்டர்) 26 வெள்ளி 60 காசு. ஆக தம்பி ஒரு நாள் முழுக்க வெயில்ல பொட்டிய காவல் காத்து மிச்சம் பண்றது 12 காசு. மாசம் 25 நாள் வெயில் அடிச்சாலும் (அடிக்காது) 3 வெள்ளி. 100 வெள்ளிக்கு பொட்டி வித்தா போட்ட காசு திரும்ப மூனு வருஷம், அதுக்குள்ள பலகை கரையான் தின்னுரும்.

இந்தியாவுலயும் ஆப்பிரிக்காவுலயும் இது எடுபடுதுன்னா அங்க வெறகு வெல, தூரம், பொம்பளைங்க நடக்குற நடை எல்லாம் கணக்குல வருது. இங்க மானியம் நம்மள தோக்கடிச்சிருச்சு.

பீடோங்_பையன்:
12 காசா. சார் நேத்து ராத்திரி இத படிச்சிட்டு தூக்கமே வரல. திருப்பி திருப்பி போட்டு பாத்தேன், உங்க கணக்கு சரிதான், அதான் கடுப்பா இருக்கு. ஆனா ஒன்னு, எங்கம்மா கேஸ எரிக்கல, வெறக எரிக்கிறாங்க. அதுக்கு காசு போகல, கண்ணும் நெஞ்சும்தான் போகுது. அத எந்த கலத்துல எழுதுறது?

தமிழ்ப்பள்ளி_டீச்சர்:
அந்த கலம் பெரிய கலம்தான். இந்த மாதிரி வீட்டு அடுப்பு பொகையால வருஷத்துக்கு சுமார் 30 லட்சம் ஆளுங்க சாகுறதா உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, உலகத்துல 200 கோடிக்கு மேல பேர் இன்னும் வெறகு, கரி, சாணின்னுதான் எரிக்கிறாங்க. ஆனா கணக்கு சார் சொல்றதயும் தள்ள முடியல. அம்மாட்ட கேஸ் இருக்கு, கை நீட்டுனா எரியும். அவங்க கை நீட்டாததுக்கு காரணம் காசு எரியிற மாதிரி ஒரு நெனப்பு. அந்த நெனப்புக்குத்தான் மொதல்ல அடுப்பு செய்யணும் போல.

இன்னொன்னு, பாதி வெந்த சோத்த கோழிக்கு போட்டாங்கன்னு எழுதுனீங்களே, அம்மா செஞ்சது ரொம்ப சரி. வெதுவெதுன்னு 30, 40 டிகிரியில மணிக்கணக்கா நின்ன சோத்துல கிருமி வளந்து நஞ்சு விட்டுரும், அந்த நஞ்சு திரும்ப கொதிக்க வெச்சாலும் முழுசா போகாது. 60 டிகிரிக்கு மேலயே இருக்கணும், இல்லன்னா சீக்கிரம் ஆற வெச்சு ஐஸ் பொட்டிக்குள்ள போயிரணும். அதே மாதிரி செவப்பு ராஜ்மா கொட்டய இந்த பொட்டியில நேரா வைக்காதீங்க, அது பத்து நிமிஷமாவது தளதளன்னு கொதிக்கணும், 80 டிகிரியில மெதுவா வெந்தா பச்சைய விட வெஷம் கூடும். கொண்டக்கடல, பாசிப்பயறுக்கு அந்த பயம் இல்ல.

குடிக்கிற தண்ணிக்கு 65 டிகிரி வந்து கொஞ்ச நேரம் நின்னா போதும், கொதிக்கணும்னு இல்ல. பசங்களோட அறிவியல் செய்முறைக்கு இத நான் எடுத்துக்கலாமா தம்பி?

பீடோங்_பையன்:
தாராளமா டீச்சர்.

கச்சான்_அக்கா:
நான் சுங்கை பட்டாணி பக்கம் பாசார் மாலாம்ல (ராத்திரி சந்தை) கச்சான் பூத்தே (கடல, பயறு நொறுக்கு), வேக வெச்ச கடல, வடை விக்கிறேன். இந்த இழைய மக படிச்சு காட்டுனா, பதிலும் அவதான் அடிக்கிறா, நான் சொல்ல சொல்ல.

ஒரு நாளைக்கு நான் கொண்டக்கடல மட்டும் அஞ்சு கிலோ வேக வைக்கிறேன். கேஸ்ல வெச்சா கட்டாது, அதுவும் யாவாரத்துக்கு மானிய தோங்க எவ்ளோ வேணாலும் எரிக்கலாம்னும் இல்ல. அதனால பின்னாடி வெறகு, பக்கத்துல உக்காந்து தள்ளி தள்ளி விட்டுக்கிட்டு ரெண்டரை மணி நேரம். தம்பி பொட்டி 110 வாட்டுன்னு வாத்தியார் சொல்றாரு, அதுல என் அண்டா எப்பிடி தம்பி வேகும்? ஒரு வருஷம் ஆகும் போல. ஆம்பளைங்க எல்லாம் வெயில புடிக்கிறது எப்பிடின்னே பேசுறீங்க. கடல கொதிக்கிறதுக்கு அர மணி நேரம்தான் ஆகுது, மிச்ச ரெண்டு மணி நேரம் சும்மா அந்த சூட்டுலயே நிக்கணும், அதுக்குத்தான் அவ்ளோ வெறகும் போகுது. நிக்கிறதுக்கு எதுக்கு நெருப்பு?

பழைய_ஃபிட்டர்:
அக்கா, நீங்க கேட்டதுக்கு பேரு வைக்கோல் பொட்டி. இத நான் மறந்தே போயிட்டேன், வெக்கமா இருக்கு.

கொதிச்ச பானைய மூடியோட தூக்கி, சுத்தியும் வைக்கோலோ உமியோ பழைய போர்வையோ அடச்ச பொட்டிக்குள்ள வெச்சு, மேலயும் தலகாணி போட்டு அமுக்கி மூடிட்டு போயிரணும். ரெண்டு மூனு மணி நேரம் கழிச்சும் உள்ள 80, 85 டிகிரி நிக்கும், அதுலயே வெந்துரும். ரெண்டாம் உலகப்போர் நேரத்துல இங்கிலாந்துல எரிபொருள் பஞ்சத்துக்கு பல வீட்ல இதான். சீனவங்க கடையில தெர்மல் குக்கர்னு பளபளன்னு விக்கிறாங்களே, கஞ்சி சூப்புக்கெல்லாம், அதுவும் இதே வித்தைதான். பானை பெருசாக ஆக சூடு இன்னும் நல்லா நிக்கும், அதனால உங்க அஞ்சு கிலோ அண்டாவுக்குத்தான் இது ரொம்ப பொருத்தம். கடலய ராத்திரியே ஊற வெச்சிருங்க, தண்ணிய கொறச்சு ஊத்துங்க, 15 நிமிஷம் நல்லா கொதிக்க விட்டு உள்ள தள்ளுங்க.

பீடோங் தம்பி, நீங்க ஏற்கனவே செஞ்சு வெச்சிருக்கிறது பாதி அதுதான். நாலு விரக்கட உமி. மேல கண்ணாடிக்கு பதிலா உமி மூட்டைய வெச்சு பாருங்க.

கணக்குவாத்தி:
இத நான் ஒத்துக்குறேன். சின்ன தீயில ஒன்றரை மணி நேரம் வெச்சா ஒரு 100 கிராம் கேஸ் போகும், அது அப்படியே மிச்சம். மழையிலயும் மிச்சம், ராத்திரியிலயும் மிச்சம். பொட்டிக்கு செலவு ஒரு சாக்கு. வெயில் பொட்டிய விட வெயிலே இல்லாத பொட்டி கூட சம்பாரிக்குது, இதுக்கு நான் என்ன சொல்ல.

சோலார்_மச்சான்:
எல்லாரும் கண்ணாடி, ஃபாயில்னே நிக்கிறீங்க, பேனல் வெல எறங்கிருச்சுன்னு யாருமே பாக்கலியா. கலிஃபோர்னியாவுல கால் பாலி பல்கலைக்கழகத்துல ஒரு குரூப்பு ரொம்ப நாளா இத செய்யுறாங்க. 100 வாட் பேனல் ஒன்னு, பேட்டரி இல்ல, இன்வெர்ட்டர் இல்ல, பேனல் ஒயர் நேரா பானை அடியில இருக்கிற ஹீட்டருக்கு. பானை சுத்தி கனமா இன்சுலேஷன். அவ்ளோதான். 100 வாட்டு பாக்க கொஞ்சம்தான், ஆனா சூடு வெளிய போகலன்னா மெதுவா ஏறி ஏறி கொதிச்சிரும். ரெண்டு லிட்டர் தண்ணிய 28ல இருந்து 100க்கு கொண்டு போக 600 கிலோஜூல், 80 வாட் உள்ள போனா ரெண்டு மணி நேரத்துக்கு கொஞ்சம் மேல.

பேனல் கூரை மேல, பானை வீட்டுக்குள்ள. கொரங்கும் இல்ல கோழியும் இல்ல. அம்மா வெயில்ல நிக்க வேணாம். மேகம் போட்டா தட்டு மாதிரி குவிக்கிற அடுப்பு அப்படியே செத்துரும், ஏன்னா அதுக்கு நேர் வெயில்தான் வேணும், நம்ம ஊரு வானத்துல பாதி நேரம் பால் மாதிரி வெளுத்த வெயில், ஜெரெபு (பொகைமூட்டம்) வந்தா கேக்கவே வேணாம். பேனலுக்கு சிதறுன வெளிச்சமும் கணக்கு, கொறையும் ஆனா நிக்காது. நான் போன மாசம் பழைய 100 வாட் பேனல் ஒருத்தர்ட்ட 120 வெள்ளிக்கு வாங்குனேன்.

ஹீட்டருக்கு அவங்க ஒரு தந்திரம் பண்ணுறாங்க, டயோடுங்கிற (கரண்ட ஒரே பக்கமா விடுற சின்ன பாகம்) உருப்படிய வரிசையா கோத்துர்றாங்க. ஒவ்வொன்னுலயும் 0.7 வோல்ட் சுமாரா விழும், இருபத்து சொச்சம் போட்டா 17 வோல்ட் கிட்ட. வெயில் கூடுனாலும் கொறஞ்சாலும் வோல்டேஜ் அங்கயே நிக்கும், பேனல் எப்பவும் நல்லா குடுக்கிற எடம் அதான். சாதா கம்பி ஹீட்டர்னா வெயில் பாதியாச்சுன்னா பவர் கால்வாசியா விழுந்துரும்.

பழைய_ஃபிட்டர்:
நல்ல யோசனை தம்பி, ஆனா டயோடு பானை அடியோட நல்லா ஒட்டலன்னா அதுவே வெந்து போயிரும். தண்ணி வத்துனா நிறுத்த ஒரு கட் ஆஃப் கட்டாயம் வேணும். செத்த ரைஸ் குக்கர்ல இருந்து கழட்டலாம், ஒரு பேனல் 18 வோல்ட்டுக்கு பரவால்ல. ரெண்டு மூனு பேனல வரிசையில போட்டீங்கன்னா அந்த ஏசி சுவிட்ச நம்பாதீங்க, டிசி கரண்டு தீப்பொறி சீக்கிரம் அணையாது, முனை ரெண்டும் ஒட்டிக்கும். ஆலையில பாத்தவன் சொல்றேன்.

செம்பனைக்காடு:
எல்லாம் சரி, இது யாருக்கு? கூரை யாருது? தோட்டத்துல இருந்து கெளப்பி விட்ட நம்ம ஆளுங்கள்ல பாதி பேர் இப்ப அஞ்சு மாடி ஃபிளாட்டுல. முத்தமும் இல்ல கூரையும் இல்ல, துணி காய போடவே சன்னலுக்கு வெளிய கம்பு நீட்டுறோம். தோட்டத்துலயே இன்னும் இருக்கிறவங்க வீடு கம்பெனி வீடு, சுத்தியும் செம்பனை நெழல், பேனல் மாட்ட கிராணிட்ட (தோட்டத்து கணக்குப்பிள்ளை) போய் நிக்கணும். எங்க தாத்தா காலத்துல லயத்துக்கு பின்னால எடம் இருந்துச்சு, மாடு இருந்துச்சு, வெறகு இருந்துச்சு. இப்ப கையில மிஞ்சுனது கேஸ் தோங்கும் இந்த இழையும்தான். வைக்கோல் பொட்டி மட்டும்தான் எங்க ஃபிளாட்டுல நொழையும். அதுக்கும் உமி எங்க போறது, தாமான்ல (குடியிருப்புல) மில்லு இல்ல.

கச்சான்_அக்கா:
பழைய போர்வைய வைங்க தம்பி. கிழிஞ்ச தலகாணி பஞ்சு. உமிதான்னு இல்ல.

ரெண்டாம்_லயம்:
செம்பனைக்காடு அண்ணன் சொன்னதுல ஒரு வரி விடாம உண்மை. ஆனா அண்ணே, உங்க மாடிப்படி ஓரத்துல வெயில் வருதா? எங்க மாமியார் அங்கதான் அப்பளம் காய வைப்பாங்க, ஜாகா (காவல்காரர்) சத்தம் போடுவாரு, இவங்க திருப்பி போடுவாங்க.

பீடோங்_பையன்:
நாலு வாரம் கழிச்சு வர்றேன், மன்னிச்சிருங்க, ஷிஃப்டு மாறிருச்சு.

கண்ணாடிய ஒரே தகடா வெட்டி மாத்தினேன், 28 வெள்ளி. காலி பொட்டி இப்ப 127 வருது. கரி புடிச்ச பானை, மூடியும் கருப்பு. போன வாரம் வெயில் நல்லா இருந்துச்சு, பால்மர தோட்டம் பக்கம் எல எல்லாம் கொட்டிருச்சு, அந்த மாசந்தான். பருப்பு ஒன்னரை மணி நேரத்துல மசிஞ்சிருச்சு. ஒரு தப்பு பண்ணேன், உமிய காய வைக்காம மொத தடவ அடச்சுட்டேன், பானையில இருந்து வந்த ஆவியும் உள்ள போயி உமி நனஞ்சு புளிச்ச வாட வந்துருச்சு. எல்லாத்தயும் கொட்டி சாக்கு விரிச்சு ரெண்டு நாள் காய வெச்சு, உள்பொட்டிய ஓரம் விடாம ஃபாயில் டேப் ஒட்டி மறுபடி அடச்சேன். செய்யுறவங்க இத மொதல்லயே செய்யுங்க.

இப்ப முக்கியமான விஷயம். நான் வீட்ல இல்லாத நாள்ல அம்மா என்ன பண்றாங்கன்னு தங்கச்சிட்ட கேட்டேன். கண்ணாடிய கழட்டி சொவத்துல சாச்சு வெச்சிட்டு, காலையில கேஸ்ல பத்து நிமிஷம் கொதிக்க வெச்ச பானைய உள்ள எறக்கி, எங்க அப்பாவோட பழைய கம்பளிய மேல போட்டு மூடிட்டு கோயிலுக்கு போயிர்றாங்களாம். ஃபிட்டர் அங்கிள் சொன்னத நான் ஒரு தடவதான் செஞ்சு காட்டினேன், அதுவும் ஒப்புக்கு. வெயில் இருந்தாலும் அப்படித்தான், இல்லன்னாலும் அப்படித்தான். "பத்து நிமிஷம்தானடா எரியுது"ன்னு அவங்களே சொல்றாங்க. மூனு கல்லு அடுப்பு இன்னும் இருக்கு, குளிக்கிற தண்ணிக்கு. அதுக்கு கூரையில கருப்பு கொழாய சுருட்டி வெக்கலாம்னு பாக்குறேன், அது தனி இழை.

கண்ணாடி சும்மா கெடக்கலன்னு சொல்லணும். ரெண்டு நாள் முன்ன போய் பாத்தா அதுக்கு அடியில மோர் மொளகா காயுது. நெல்லைக்கார அண்ணே, சிரிக்காதீங்க.

நெல்லைக்காரன்:
சிரிக்கல அண்ணாச்சி. எங்கம்மாவுக்கு போன் போட்டு சொன்னேன், அவங்கதான் சிரிச்சாங்க.

கணக்குவாத்தி:
28ம் 47ம் 75. 100க்குள்ளதான் நிக்குது, தலைப்பு தப்பிச்சிருச்சு. கண்ணாடிய கழட்டிட்டா 75ல பாதிகூட தேவையில்லன்னு நான் சொல்ல மாட்டேன்.

கச்சான்_அக்கா:
தம்பி என் கடல அண்டா வாய் 45 சென்டிமீட்டர், ஒசரம் 40, தண்ணியோட தூக்க ரெண்டு பேர் வேணும். மேல இருந்து எறக்க முடியாது, இடுப்பு போயிரும். பக்கத்துல கதவு வெச்ச மாதிரி செய்ய முடியுமா? போன வாரம் பழைய மெத்தைய சுத்தி பாத்தேன், கடல வெந்துச்சு, வெறகு பாதிக்கு பாதி மிச்சம், ஆனா மெத்தை எல்லாம் கடல தண்ணி.

பழைய_ஃபிட்டர்:
அண்டாவ தூக்கவே வேணாம் அக்கா. அடுப்பு பக்கத்துலயே ஒட்டுனாப்புல ஒரு உமி மெத்தை, அண்டாவ அதுல நகட்டி வெச்சிட்டு, பொட்டிய மேல இருந்து கவுத்துருங்க, கோழிக்கூடை மாதிரி. தூக்க வேண்டியது காலி பொட்டி மட்டும்தான். நகட்டுறப்ப அடுப்ப விட மெத்தை ஒசரமா இருந்தா அண்டா கவுந்துரும், அடுப்பு கல்லுக்கு சமமா வைங்க. ஞாயித்துக்கெழம எனக்கு வேல இல்ல, அளவெடுக்க வர்றேன். பீடோங் தம்பி, வர்றப்ப மில்லுல ரெண்டு சாக்கு உமி ஏத்திட்டு வாங்க, காஞ்சதா பாத்து.

பீடோங்_பையன்:
சரி அங்கிள். மோட்டர்ல ஒரு சாக்குதான் வரும், ரெண்டு நடை அடிக்கிறேன். மழை இல்லன்னா பத்து மணிக்கு அங்க இருப்பேன்.